அக்காவின் சூப்பில் இன்னொரு கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை, அக்காவிடம் நான் வாங்கிய திட்டிலிருந்து கிடைத்தது. நாலு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியத்தில், ஆவி பறக்கும் கோப்பையோடு அவர்...' வேண்டாம். அன்று மழையே இல்லை. நேராகவே வருகிறேன்.

அக்கா ஓர் அச்சகத்தில் கேண்டீன் நடத்துகிறாள். அவளுடைய காய்கறி சூப்புக்குப் பதினோரு மணிக்கே வரிசை நிற்கும். வாசல் பலகையில் சாக்பீஸால் 'சுவையூட்டி சேர்க்காத சூப்' என்று எழுதியிருந்தாள். நம்பித்தான் எழுதினாள். அவள் போடும் சூப் பொடிப் பாக்கெட்டின் முகப்பில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

(அந்தப் பொடியை முதன்முதலில் அவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். இதைக் கடைசியில் உடைக்கலாம் என்று பதுக்கி வைத்திருந்தேன். பதுக்கி வைப்பதைப் பற்றிய கதையில் நானே அதைச் செய்யக் கூடாதல்லவா?)

2

அங்கே பிழை திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'கமா'. [முதல் பிரதியில் இவரை வில்லனாக்கினேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.] டம்ளரைத் திருப்பிக் கொடுக்கச் சமையலறைக்குள் வந்தவர், பாக்கெட்டைப் பார்த்ததும் எடுத்துத் திருப்பினார். எதையும் பின்பக்கம் படிக்காமல் அவரால் கீழே வைக்க முடியாது.

"முன்னாடி சேர்க்கலைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பின்னாடி பாருங்க, எறும்பு ஊர்ற மாதிரி. ஈஸ்ட் சாறுன்னு இருக்கு."

"ஈஸ்ட்டுன்னா ரொட்டிக்குப் போடுறதுதானே?" என்றாள் அக்கா.

"அதுலேர்ந்து எடுக்கிறதுதான். ஆனா சுவையூட்டில ருசியைத் தூக்கிக் கொடுக்கிற அதே குளுட்டமேட் இதுலயும் இருக்கு. வீட்ல ஒரு பேரு, பள்ளிக்கூடத்துல ஒரு பேருங்கிற மாதிரி."

"அது உடம்புக்குக் கெடுதலா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உங்க பலகைல பிழை இருக்கு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு...

(இந்த இடத்தில் அக்கா பிரதியைப் பிடுங்கிப் படித்தாள். "நான் எங்கடி அழுதேன்? பலகையைத்தான் துடைச்சேன்!" சரி. பலகையைத் துடைத்தாள்.)

3

மறுநாள் பொடி இல்லாமல் சூப் வைத்தாள். பைண்டிங் பிரிவு அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு அக்கறையாகக் கேட்டார்:

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? சூப்புல உங்க கைப்பக்குவமே இல்லையே."

இதைவிட மோசமாக அவளை யாரும் திட்டியதில்லை. இத்தனை வருடம் ஊரே மெச்சிய கை, பாக்கெட்டின் கையா? அன்று மாலை எனக்கு ஃபோன் வந்தது. என்னைத் திட்டியதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கடைசியில் குரல் இறங்கியது: "எனக்குச் சமைக்கத் தெரியுமாடி?"

"காலைல பேசலாம்க்கா" என்று ஃபோனை வைத்தேன். எழுத்தாளர் என்று பேர்தான்.

4

ஒரு வாரம் அடுப்போடு மல்லுக்கட்டினாள். தக்காளியைச் சுண்ட வதக்கினாள். காளானை அது தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரும் வற்றி, ஓரம் சிவக்கும்வரை கிளறினாள். எட்டாம் நாள் கமா ஒரு மிடறு குடித்தார். டம்ளரைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார்.

"தக்காளி, காளான்லயும் அதே குளுட்டமேட் இருக்கு, தெரியுமா?"

"இருக்கட்டும். அதை நான் பேரு மாத்திக் கூப்பிடலையே!" என்று சிரித்தாள் அக்கா. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

இப்போது அங்கே இரண்டு பானைகள்: பொடி போட்டது ஒன்று, காளான் போட்டது ஒன்று. பழைய சூப்பை விரும்புகிறவர்களை ஏன் ஏமாற்றத்தோடு அனுப்ப வேண்டும் என்கிறாள். ஒவ்வொரு பானையிலும் என்னென்ன இருக்கிறது என்று பலகையில் மேலிருந்து கீழ்வரை எழுதியிருக்கிறாள், ஈஸ்ட் சாறு உட்பட. கமா அதில் ஓர் ஒற்றுப்பிழை கண்டுபிடித்து அன்றைய நாளைச் சந்தோஷமாக்கிக்கொண்டார்.

5

எந்தப் பானை முதலில் காலியானது? காளான் பானை என்று எழுதினேன். நீதிக்கதை நெடி அடித்தது. பொடிப் பானை என்று எழுதினேன். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. இரண்டும் சமம் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

அதனால் முடிவை எழுதப்போவதில்லை. பலகையைப் படித்துவிட்டீர்கள், வரிசையும் நகர்ந்துவிட்டது. அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறாள்.

"சொல்லுங்க, எதுலேர்ந்து ஊத்தட்டும்?"