சோளத்துக்குச் சைபர்

மக்காச்சோளத்தைப் புளிக்க வைத்து, வண்டிகளுக்கு எத்தனால் எடுக்கும் ஆலை அது. அங்கே அவரைப் புகைக் கணக்குப்பிள்ளை என்பார்கள். ஆலை எவ்வளவு கரியமிலவாயு விடுகிறது என்று மேலிடத்துக்கு எழுதுவது அவர் வேலை. கொதிகலனில் எரியும் நிலக்கரிக்கு டன் டன்னாக எழுதுவார். சோளம் புளிக்கும்போது வரும் வாயுவுக்கு மட்டும் சைபர். வளரும்போது காற்றிலிருந்து வாங்கியதைச் சோளம் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது, ஆகவே கணக்கில் சேராது என்பது விதி. அவருக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும். வேலை மிச்சம்.

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள். அவர் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனாலேயே மேலாளர் அன்று காலை, புளிப்புத் தொட்டிக்குள் எவ்வளவு வாயு இருக்கிறது என்று இறங்குபவர்களுக்குக் காட்ட அருகே மாட்டும் பலகையை அவரிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 'கரியமிலவாயு' என்ற வரிக்கு எதிரே காலியாக இருந்தது. கை பழக்கத்தில் சைபர் போட்டது. வட்டம் அழகாக விழுந்தது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"உங்க மச்சினன் தொட்டி கழுவ இறங்கறான். போர்டு பாத்தேன், வாயு எல்லாம் போயிடுச்சு போல."

டப்பாவை மூடாமலே ஓடினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மனைவிக்கு ஒரே தம்பி. அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

மச்சினன் துடைப்பத்தோடு, தொட்டிக்குள் இறங்கும் ஏணியில் ஒரு காலை வைத்திருந்தான்.

"மாப்ள, இறங்காத."

"என்ன அத்தான், இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க."

"உள்ள வாயு இருக்கு. இறங்கினா மூச்சு நின்னுடும்."

"சைபர்னு போட்டிருக்கே. உங்க எழுத்துதானே?"

"அது உலகத்துக்கு மாப்ள. தொட்டிக்கு இல்ல."

வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். ஒரு முழம் போவதற்குள் அது கத்தத் தொடங்கியது. மச்சினன் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க அத்தான். வேலைக்கே விடமாட்டா."

"நானா சொல்லுவேன்?"

மாதக் கடைசியில் அறிக்கை எழுதும் நாள் வந்தது. விதி மாறவில்லை. சோளத்துக்கு எதிரே சைபர் போட்டார். வட்டம் கோணிக்கொண்டது.

மேலாளர் அதைப் பார்த்தார். "என்ன சார், கையெழுத்து கெட்டுப்போச்சு?"

"தலையெழுத்து நல்லா இருந்துச்சு சார்," என்றார் கணக்குப்பிள்ளை.