கேட் திறக்கிறவன்

சனிக்கிழமை காலை, முதல் கேட்டுக்கு முன்னால் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு நெவில் சும்மா உட்கார்ந்திருந்தார். நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விவசாயிகளுக்குக் காத்திருக்க ஆயிரம் காரணம் இருக்கும் என்று நினைத்து, மரியாதையாகக் கண்ணாடி வழியே காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ என் மூக்கில் உட்கார்ந்து, எழுந்து, இடம் பிடித்துப்போய் மறுபடி உட்கார்ந்தது. கடைசியில் அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"மலேசியாவுல கேட்டெல்லாம் தானாத் தொறந்துக்குமா, டாக்டர்?"

அப்படித்தான் அந்தச் சட்டம் எனக்குத் தெரியவந்தது. பண்ணை வண்டியில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவன்தான் இறங்கி கேட்டைத் திறக்க வேண்டும். மந்திரியாக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் விலக்குக் கிடையாது. திறந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வண்டி உள்ளே போய்க் கொஞ்ச தூரத்தில் நிற்கும். கேட்டை இழுத்து மூடி, சங்கிலியை மாட்டி, ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். மூடாமல் விடுவது ஏறக்குறைய கொலைக்குற்றம். நெவிலின் சங்கிலிகளுக்குக் கோணல் புத்தி வேறு. வளையத்தை ஆணித் தலைக்கு மேல் தூக்கி, பாதி திருப்பி, கீழே தட்டினால்தான் உட்காரும். மூன்று வருடம் உடற்கூறு படித்த விரல்களுக்கு அது பிடிபட வெகுநேரம் ஆனது.

என் பெயர் டான் யூ ஹெங். மெரிங்குல்லாவில் அது முதல் நாளே ஹெங்கோ ஆகிவிட்டது. இந்த ஊரில் பெயரை வெட்டி, வெட்டிய இடத்தில் ஓர் ஓகாரத்தைக் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். கிராமத்து மருத்துவமனையில் பயிற்சி பெற வேண்டும் என்று பல்கலைக்கழகம் என்னை இங்கே அனுப்பியிருந்தது. கூட வந்த உள்ளூர் மாணவர்கள் வெள்ளி மதியமே காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கோ அம்மா வீட்டுக்கோ போய்விடுவார்கள். வெளிநாட்டு மாணவன் திங்கள் முதல் வெள்ளி வரை மருத்துவ மாணவன். சனி, ஞாயிறு வெறும் வெளிநாட்டவன். வார இறுதிகளில் உள்ளூர் அனுபவங்களைத் தேடிச் செல்லுங்கள் என்று கல்லூரியிலிருந்து அன்பான மின்னஞ்சல் வரும். போனேன். ஒரு சனிக்கிழமை ஊர்ச் சலவைக்கூடத்தில் என் துணிகள் சுற்றுவதைப் பார்த்தேன். இன்னொரு சனிக்கிழமை கம்பளி அருங்காட்சியகத்துக்குப் போனேன். சாவி வைத்திருந்தவர் மீன் பிடிக்கப் போயிருந்தார். குவாந்தானில் இருந்து அம்மா ஞாயிறுதோறும் கூப்பிட்டு, எங்கே சுற்றினாய், கங்காரு பார்த்தாயா என்று கேட்பாள். பார்த்தேன் என்பேன். நெடுஞ்சாலை ஓரத்தில், பக்கவாட்டில் படுத்திருந்தது என்பதைச் சொல்ல மாட்டேன்.

அதனால், மருத்துவமனை முன்மேசையில் உட்காரும் டெனிஸ் இந்த வாரம் எங்கள் பண்ணைக்கு வாயேன் என்றபோது, முழுதாகக் கேட்கும் முன்பே சரி என்றேன். அவளுடைய அக்காவுக்கு நகரத்தில் ஆபரேஷன். டெனிஸ் அங்கே போய் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவாள். அதுவரை அவள் புருஷன் நெவில் எனக்குப் பண்ணையைச் சுற்றிக் காட்டுவார். காலையில் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சமையலறையில் வெகுநேரம் நின்றாள். முட்டை எங்கே இருக்கிறது என்று சொன்னாள். ரொட்டி எங்கே என்று சொன்னாள். ரொட்டி மேசை மேலேதான் இருந்தது. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெவில் கூடவே இரு. கேட்டைத் தொறந்து விட்டுக்கிட்டு, கூடவே இரு. அது போதும்."

விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்து மனிதர்கள் உதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், துணைக்கு ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்பார்கள், அதைவிட உரத்த குரல் அவர்களிடம் கிடையாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

சுற்றிக் காட்டுவது என்றால் என்ன என்பது இரண்டாவது கேட்டுக்கு அப்பால் தெரிந்தது. மூன்றாம் வருடமாக மழை இல்லை. தீவனம் ஏற்றிய லாரி வரும் வரும் என்று வரவில்லை. எழுந்து நிற்கிற ஆடுகளைப் போன வாரமே சந்தைக்கு ஏற்றிவிட்டார்கள். நிற்க முடியாத ஆட்டை வண்டியில் ஏற்றக்கூடாது என்பது விதி, நல்ல விதிதான். அந்த விதிக்குள் வராத ஆடுகள் வேலியோரம் பழைய மெத்தைகள் மாதிரி கிடந்தன. பொக்லைன் வைத்து வெட்டிய குழி ஒன்று பக்கத்தில் தயாராக இருந்தது. நெவில் ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, தாடையைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டுச் சுடுவார். நான் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். கம்பளி கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஆடே இல்லாதது போல இருந்தது. காதில் பஞ்சு வைத்திருந்தும் ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் குதித்தது. அவர் தோள் குதிக்கவில்லை. பாதி வேலையில் எனக்கு வாந்தி வந்தது. அவர் திரும்பிக்கொண்டு, வேலிக் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் துடைத்த பிறகுதான் கம்பி சரியானது.

மதியம் வண்டி மூக்கின் மேல் ரொட்டியை வைத்துச் சாப்பிட்டோம். உள்ளே குளிர்ந்த ஆட்டுக்கறி.  அவர் எங்கள் ஊரைப் பற்றி விசாரித்தார். அது தீவா, பாம்பு உண்டா, ஆட்கள் எல்லோரும் என்னைப் போலவே ஒல்லியா. பிறகு மழை எப்படி என்றார். எங்கள் ஊரில் அநேகமாகத் தினமும் சாயங்காலம் பெய்யும், துணி காயவே காயாது, பெரிய தொல்லை என்றேன்.

"தினமுமா?"

"தினமும்தான்."

அவர் ரொட்டியைக் கொஞ்ச நேரம் மென்றார். "இதை ஊருக்குள்ள யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார். "அடிச்சிருவானுங்க."

சாப்பிட்டு முடிந்ததும் கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் பம்ப்பைக் காட்டினார். எந்தக் குழாயை முதலில் திறப்பது, எதை எப்போதும் தொடக்கூடாது, பிடிவாதம் பிடித்தால் எந்த இடத்தில் உதைப்பது. என்னை இரண்டு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பண்ணையை விட்டுப் போகிறவனுக்கு எதற்கு இந்த வித்தை என்று கேட்டேன். டெனிசுக்குச் சொல்லிக்கொடு, என்னிடம் கேட்டுக்கொள்ள அவளுக்குப் பிடிக்காது என்றார். கொட்டகை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. சுவரில் ஒவ்வொரு கருவியும் அதனதன் ஆணியில். வாசலில் நாய்ச் சங்கிலி மட்டும் கிடந்தது, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டு. நாய் எங்கே என்றேன். பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டாராம். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்களாம், அதற்கும் விளையாட ஆள் வேண்டாமா என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது நான் படித்த பாடம். நாயைக் கொடுத்துவிடுவது, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து வைப்பது, இல்லாத நாளுக்கு யாருக்காவது சொல்லிக்கொடுப்பது. எங்கள் தேர்வில் இதற்கென்றே ஓர் அறை உண்டு. கூலிக்கு நோயாளியாக நடிக்க வந்த ஒருவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். நாற்காலியைச் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும், காகிதக் கைக்குட்டை டப்பா எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முகத்தைப் பார்த்து, சுற்றி வளைக்காமல், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வந்திருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் எண்ணம் வராது, கேட்காவிட்டால் போகாது என்று சொல்லித்தந்திருந்தார்கள். நான் கேட்டேன். முழு மதிப்பெண். மனிதநேயம்: மிக நன்று. அந்த நடிகர் பிறகு தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் என்னைப் பார்த்து, உன் கேள்வியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி என்றார்.

இப்போது வண்டிக்குள் இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போனோம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் உடம்பையே திருப்ப வேண்டும். கைக்குட்டை டப்பா இல்லை. பின்தட்டில் துப்பாக்கி பழைய சாக்கின் மேல் ஆடிக்கொண்டு வந்தது. வாக்கியம் முழுதாக வாயில் இருந்தது, இலக்கணம்கூடச் சரியாக இருந்தது. அடுத்த மரம் தாண்டியதும் கேட்கலாம் என்று நினைத்தேன். அந்த நிலத்தில் மரங்கள் குறைவு. தாண்டிய மரத்துக்குப் பிறகு, அடுத்த கேட் முடிந்ததும் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த கேட் வந்தது. இறங்கினேன். திறந்து பிடித்தேன். வண்டி உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

நான் கேட்டை மூடினேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும். தூசியைக் கிளப்பிக்கொண்டு அந்த மனிதர் துப்பாக்கியோடு போய்க்கொண்டிருக்கிறார், நான் வளையத்தைத் தூக்கி, பாதி திருப்பி, கீழே தட்டுகிறேன். உட்காரவில்லை. மறுபடி தூக்கி, திருப்பி, தட்டுகிறேன். அன்று முழுக்க கை பழகிய வேலை, கை அதை முடிக்காமல் விடவில்லை. சங்கிலி உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது வண்டி மேட்டுக்கு அப்பால் இறங்கிவிட்டது, தூசி மட்டும் நின்றது. கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிலம் செத்துக் கிடந்தது. உள்ளே விடக்கூடாத ஆடும் இல்லை, வெளியே போகக்கூடாத ஆடும் இல்லை. யாருக்காக மூடினேன்?

கைப்பேசியில் சிக்னல் இல்லை. ஓடினேன். ஓடும்போது காதில் வைத்திருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்பதற்காக ஏன் காதைத் திறந்துகொண்டு ஓடுகிறேன் என்று தோன்றியது. செருப்புக் காலில் முள் ஏறியது. மேட்டின் மேல் ஏறியபோது மூச்சு விசிலடித்தது. கீழே ஒரு குட்டை, முக்கால்வாசி வற்றியது, நடுவில் கறுப்பாகச் சேறு. கரையில் வண்டி கதவு திறந்தபடி நின்றது. துப்பாக்கி கரையில் கிடந்தது. நெவிலைக் காணோம் என்று ஒரு கணம் நினைத்தேன். இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் கழுத்துவரை புதைந்த ஒரு பெட்டை ஆடு, உடைந்த ஹாரன் போலக் கத்திக்கொண்டிருந்தது.

"நின்னு வேடிக்க பாக்காத," என்றார் திரும்பாமல். "வந்து அந்தப் பக்கம் புடி."

இறங்கினேன். சேறு மேலே வெதுவெதுப்பாகவும் உள்ளே ஐஸாகவும் இருந்தது. நாற்றம் மூளையைத் தொட்டது. அவர் கம்பளியில் ஒரு கை கொடுத்தார், நான் மறுபக்கம். இழுத்தோம். ஆடு வரவில்லை. நாங்கள்தான் உள்ளே போனோம். மறுபடி இழுத்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஆட்டின் தலை இருந்தது, இருவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்தபடியே கேட்டேன். படித்த வாக்கியம் வரவில்லை.

"நெவில், சாகறதுக்கா வந்தீங்க?"



"காதப் புடிக்காத. தோலப் புடி," என்றார். இழுத்தோம். அது ஒரு சாண் மேலே வந்தது. "கேட்ட மூடினியா?"

"மூடினேன்."

"சங்கிலி?"

"மாட்டினேன்."

"நீ அதை மாட்டறதுக்குள்ள முடிச்சிரலாம்னு நெனச்சேன்." அவர் புறங்கையால் நெற்றியைத் துடைத்தார், நெற்றி கறுப்பானது. "இது கத்திக்கிட்டே இருந்துச்சு."

தேர்வில் இரண்டாவது கேள்வி, இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா என்பது. கேட்டேன். தெரியல என்றார். பொய் சொல்லாத குரல் அது. மூன்றாவது கேள்வி, அதற்கான வழி கைவசம் இருக்கிறதா என்பது. அது கரையில் கிடந்தது.

சேற்றில் இருந்து காலைப் பிடுங்கி, கையை ஊன்றி மேலே ஏறினேன். துப்பாக்கியின் பக்கத்தில் மண்டியிட்டேன். என் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. காலையில் அவர் ஒவ்வொரு தடவையும் தோட்டாவை உள்ளே தள்ளிய அந்த இரும்புத் தண்டு, போல்ட், அது இல்லாமல் துப்பாக்கி வெறும் குழாய் என்று மட்டும் எங்கேயோ படித்திருந்தேன்.

"இதை எப்படிக் கழட்டறது?"

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று முழுவதிலும் முதல் முறை. ஆட்டை ஒரு கையில் தாங்கிப் பிடித்தபடி, சேற்றில் நின்றுகொண்டு, வெகுநேரம் பார்த்தார். சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று எந்த அறையிலும் சொல்லித்தரவில்லை.

"குழாய உன் பக்கம் திருப்பாத, மொதல்ல," என்றார். "பின்னாடி கைப்பிடி இருக்கா? மேல தூக்கு. பின்னால இழு. ஒண்ணு வெளிய விழும்."

விழுந்தது. மஞ்சளாக, சுத்தமாக, புல்லில் உருண்டது. அடியில் இருக்கிற தோட்டா டப்பாவை எடு என்றார். எடுத்தேன்.

"இப்ப விசைய அமுக்கிக்கிட்டே இழு. கையோட வந்துரும்."

"வெடிக்காதா?"

"குண்டுதான் அங்க கெடக்கே, டாக்டர்."

அமுக்கினேன். வெடிக்கவில்லை. தண்டு எண்ணெய் வழவழப்போடு கையோடு வந்தது. நினைத்ததைவிடக் கனம். கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி சேற்றுக்குள் இறங்கினேன். அவர் ஆட்டின் கழுத்தை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

சாக்கை அதன் வயிற்றுக்கு அடியில் நுழைத்து, வண்டியின் கயிற்றைக் கட்டி, சூரியன் சாயும்போது அதைக் கரை சேர்த்தோம். கத்துவதை நிறுத்தியிருந்தது. நெவில் அதன் வயிற்றின் கீழ் கைகொடுத்துத் தூக்கி, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்தார். விட்டதும் நான்கு கால்களும் மடிந்தன. மறுபடி தூக்கினார். மறுபடி மடிந்தன. காலையில் நாங்கள் குழிக்கு இழுத்துப்போன எல்லா ஆடுகளையும் போலத்தான் இதுவும் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் தாடையைத் தொட்டார். பிறகு என் பக்கமாகக் கையை நீட்டினார்.

"குடு, ஹெங்கோ. இவள இப்படி விட முடியாது."

அது உண்மை. அந்த ஆட்டைப் பொறுத்தவரை ஒரு எழுத்துக்கூட மறுக்க முடியாத உண்மை. பைக்குள் என் கை போல்ட்டைப் பிடித்திருந்தது.

"கொஞ்ச நேரம் பாக்கலாம்," என்றேன்.

"எத?"

"எந்திரிக்குதான்னு."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நீட்டிய கையை மடக்காமல், அப்படியே முழங்கால் மேல் வைத்துக்கொண்டார், உள்ளங்கை மேலே பார்க்க. அதில் சேறு காய்ந்து வெளிறி, ரேகைகள் இருந்த இடத்தில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டியின் கதவு காற்றில் லேசாக ஆடியது. ஆடு மூக்கைத் தரையில் தேய்த்தது. பிறகு ஒரு முன்னங்காலை மெதுவாக முன்னால் எடுத்து வைத்தது. இன்னொன்றையும் வைத்தது. பின்பாதி மண்ணிலேயே கிடக்க, முன்பாதி மட்டும் எழுந்து, உடம்பெல்லாம் நடுங்க, அப்படியே நின்றது.