பித்தளை செல்லாது, இரும்பு ஆகாது

விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து எடை போடுகிறவன் நான், சங்கிலிமுத்து. கலவை ஷெட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து மருந்து சலிக்கிறவள் என் பெண்டாட்டி குருவம்மாள். அந்த ஷெட்டுக்குள் இரும்பு என்று ஒரு குண்டூசிகூட வரக் கூடாது. இரும்போடு இரும்பு உரசி ஒரு பொறி விழுந்தால் ஷெட்டும் இல்லை, நாங்களும் இல்லை. அதனால் தராசும் பித்தளை, படிக்கல்லும் பித்தளை. வெடிமருந்து இன்ஸ்பெக்டர் வந்தால் என் அரைஞாண் கயிற்றில் தொங்கும் சாவியைக்கூடக் கழற்றச் சொல்வார்.

அறுபத்திரண்டாம் வருஷம் பலம், சேர் என்ற பழைய எடையெல்லாம் செல்லாது, இனிமேல் கிலோதான் என்று ஆகிவிட்டது. விருதுநகரிலிருந்து, எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்டர் லட்சுமிகாந்தம் வந்து, என் பழைய பித்தளைக் கற்களைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். தராசு யார் கையில் இருக்கிறதோ அவன் பேரில்தான் கேஸாம். என் பேரை எழுதிக்கொண்டார். முதலாளிக்குக் கையே இல்லை போலிருக்கிறது.

முதலாளி அய்யாதுரை மறுநாளே முத்திரை குத்திய கிலோக் கற்களை வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். அத்தனையும் இரும்பு.

"மொதலாளி, இது உள்ள வரக் கூடாதுல்ல?"

"பித்தளைக்கு ஆர்டர் குடுத்திருக்கேன்லே. வர ரெண்டு மாசம் ஆகுமாம். தீவாளி சீசன் அதுவரைக்கும் காத்திருக்குமா? துணியச் சுத்தி வையி."

"வெளிய வச்சு எடை போட்டுட்டு வரட்டா?"

"கலந்த மருந்த வாசல் தாண்டி எடுத்தா அது வேற கேசு."

சட்டம் போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கடுதாசி போட்டுக்கொள்ள மாட்டார்களா? எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது.

குருவம்மாளிடம், மணலைத் துணியில் கட்டிக் கல்லாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இரும்பே தேவல. ஒரு மணல் சிந்துனாலும் மருந்துக்குள்ள ஒரசும், தெரியாதா?" என்று திட்டினாள். திட்டிவிட்டு அவளே துணிப் பைகள் தைத்துப் புழுங்கலரிசியைக் கொட்டினாள். கம்பெனி வாசலில் இரும்புக் கல்லை ஒரு தட்டிலும் பையை மறு தட்டிலும் வைத்தோம். ஒவ்வொரு அரிசியாகப் போட்டு, முள் நடுவில் நின்றதும் பையின் வாயைத் தைத்தாள். ஒரு கிலோ, அரைக் கிலோ, கால் கிலோ. பதினோரு நாள் அந்தப் பைகளை வைத்து நிம்மதியாக எடை போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் லட்சுமிகாந்தம் மறுபடி வந்தார். பைகளைத் தூக்கிப் பார்த்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை.

"புரியுதுப்பா. ஆனா அரிசியில நான் எங்க முத்திரை குத்துவேன்? முத்திரை இல்லாத எடை வச்சிருந்தா கேஸ்தான். உன் பேர்ல இது ரெண்டாவது. மூணாவதுன்னா ஜெயில்."

"அப்ப இரும்ப உள்ள கொண்டுபோகச் சொல்றீகளா?"

"அதை நான் சொல்ல முடியாது. வெடிமருந்து இன்ஸ்பெக்டரைக் கேளு."

அவர் மெட்ராஸில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்.

முதலாளி சுற்றி வளைக்கவில்லை. "இனிமே இரும்புக் கல்லுதான். ஒன்னால முடியாதுன்னா தங்கச்சாமி தராசு பிடிக்கட்டும்லே" என்றார். தங்கச்சாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். எதையும் தொப்பென்று போட்டுத்தான் பழக்கம். அவன் தராசு பிடித்தாலும் எதிரே உட்காரப்போவது குருவம்மாள்தான். நானே பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்: "பித்தளைக் கல்லு வர்ற வரைக்கும் நீ வேலைக்கு வராத. பயமா இருக்கு எனக்கு."

சோற்றைப் போட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"நான் வரலேன்னா அங்கன வேற ஒருத்தி உக்காருவா. அவளுக்காக இம்புட்டுப் பயப்படுவீகளா? நான் எதுக்க இருந்தாத்தான் கல்ல மெதுவா வைப்பீக."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்தால் வந்திருக்காது.

மறுநாள் காலையில் இரும்புக் கல்லைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனேன். மறு தட்டில் அதே அளவு துணியைப் போட்டேன். குருவம்மாள் சலிப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி கல்லைத் தட்டில் இறக்கினேன்.

"ம், அடுத்தது வைங்க" என்றாள்.