முழு இழப்பு

குணாளனின் வலது கையில் மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த விரல்கள் நேற்றுதான் அசையத் தொடங்கின. பாவி விரல்கள்! வேறு நாளே கிடைக்கவில்லையா அவற்றுக்கு? இன்று காலை இன்சூரன்ஸ் ஆள் வருகிறார்.

சுவா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை வெட்டும்போது, கம்பில் கட்டிய அரிவாள் நழுவி மணிக்கட்டில் இறங்கி நரம்பை அறுத்துவிட்டது. கை முழுதாகப் போயிற்று என்றால் முழுத் தொகை. கொஞ்சமாவது பிடித்தால் அது பகுதி இழப்பு, கிள்ளித்தான் கொடுப்பார்கள். தோட்டத்தையோ முதலாளி விற்றுவிட்டார், குடியிருக்கும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. முழுத் தொகை வந்தால் அம்பாங்கானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். இல்லையென்றால் நடுத்தெருதான். அந்த விரல்கள் இனி அரிவாள் கம்பைத் தூக்கப் போவதில்லை. சட்டத்துக்கு அதைப் பற்றி என்ன கவலை?

விரல் அசைந்ததையும் சரி, முழுது பகுதி என்கிற விவகாரத்தையும் சரி, மனைவி குமுதவல்லியிடம் அவன் மூச்சு விடவில்லை. அவள் வாயில் எதுவும் தங்காது.

வந்தவர் பெயர் திருநாவுக்கரசு. கையைத் தூக்கினார், அமுக்கினார், ஊசியால் குத்தினார். குணாளன் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். முருகா, இப்போது மட்டும் அசைத்துவிடாதே.

"ஒண்ணுமே தெரியலியா?"

"இல்ல சார். செத்த கை லா இது."

"பாவம். முழு இழப்புன்னுதான் எழுதணும் போல."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

எழுந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். "காலைல கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். பூசிக்குங்க, எல்லாம் சரியாயிடும்."

இடது கையால் திருநீறு எடுப்பவன் எங்கேயாவது உண்டா? குணாளனின் வலது கை தானாக எழுந்தது. மூன்று விரல்கள் நடுங்கிக்கொண்டே கூடி ஒரு சிட்டிகை எடுத்தன. நெற்றிக்குப் போகும் வழியில்தான் அவனுக்கு உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது.

திருநாவுக்கரசு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவோரம் நின்ற குமுதவல்லி பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஐயோ முருகா, அசையுதே! சார், பாத்தீங்களா சார்?" குலுங்கிக் குலுங்கி அழுதாள். "எழுதிக்கோங்க சார், என் புருஷன் கை முழுசா போகல!"