மாண்டரின் முதல் நிலை

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் நாற்பது பேரும் ஒன்றாக வாயைத் திறந்து 'மா' என்றார்கள். நீட்டி ஒரு மா, மேலே ஏறும் ஒரு மா, குழியில் இறங்கி ஏறும் ஒரு மா, அதட்டுவது போல் ஒரு மா. லூம் லாவ்ஷி பாட்டுக் கச்சேரி நடத்துகிறவரைப் போல் கையைக் காற்றில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். லாவ்ஷி என்றால் ஆசிரியர். முதல் நாள் அவர் கற்றுக்கொடுத்த முதல் சொல் அது; பிறகு யாரும் அவரை வேறு விதமாகக் கூப்பிடவில்லை. பகுதிநேர ஆசிரியர். இதே மாவை வேறு இரண்டு ஊர்களிலும் வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியிருந்தது. சுடுதண்ணீர்க் குடுவையைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, வரிசையாக ஒவ்வொருவரையும் தனித்தனியே சொல்லச் சொன்னார்.

கடைசிக்கு முந்தின வரிசையில் அத்தீகா கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கணக்காய்வுப் பாடத்தின் ஒப்படைப்பு அன்று மாலைக்குள் போயாக வேண்டும். சனி ஞாயிறுகளில் ரொட்டிக் கடையில் வேலை. தன் முறை வந்ததும் எழுந்து நின்று மூன்றாவது மாவைச் சொன்னாள். அது குழியில் இறங்கியது, ஏறவில்லை. வகுப்பு சிரித்தது.

"மூஞ்சியப் பாத்தா சீன ராஜகுமாரி, வாயத் தொறந்தா பாகான் செராய் பஸ் ஸ்டாண்டு," என்றான் ஹக்கிமி. கிளந்தானிலிருந்து வந்த அவன் இரண்டு வருடம் பினாங்கில் கைப்பேசிக் கடையில் வேலை பார்த்தவன். வகுப்பிலேயே மாண்டரினைச் சுத்தமாகப் பேசுகிறவன் அவன்தான்.

பாகான் செராய் அவள் ஊர். அத்தீகாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். கோபப்படவும் சக்தி வேண்டும்.

மூன்றாவது மொழி ஒன்று படித்தே ஆக வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அரபு மொழிக்கு இடம் தீர்ந்துபோயிருந்தது. ஜப்பானிய மொழிக்கு எழுத்து மனப்பாடம் செய்ய வேண்டும். அறைத்தோழி வஹீதாதான் யோசனை சொன்னாள். "மாண்டரின் எடுலா. எழுத்தே கேக்க மாட்டாரு, ஏ பி சி டியில எழுதினா போதும். வந்து உக்காந்தாலே 'ஏ' போடுவாரு. உனக்கு ரத்தத்துலயே இருக்கு, வேற என்ன வேணும்?" அந்த அரையாண்டில் ஒன்றாவது சுலபமாக இருக்கட்டும் என்று அத்தீகா பெயரைக் கொடுத்தாள்.

ரத்தத்தில் இருந்தது கண்ணோடும் தோலோடும் நின்றுவிட்டது. சந்தையில் மீன்காரர்கள் அவளிடம் சீனத்தில் ஆரம்பித்து, முக்காட்டைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு மலாய்க்கு மாறுவார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள், "மதம் மாறினவங்களா?" என்று பக்குவமாக விசாரிப்பார்கள். அவள் அம்மா ரொஹானி நிபோங் தெபாலுக்குப் பக்கத்தில் ஒரு சீனர் வீட்டில் பிறந்து, மாதம் முடியும் முன்பே, பிள்ளையில்லாத மலாய்த் தம்பதிக்குக் கொடுக்கப்பட்டவள். இதில் ரகசியம் எதுவுமில்லை. தெருவுக்கே தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. வளர்த்தவர்கள் இருவரும் நல்லவர்கள், கட்டியவரும் நல்லவர், மூவரும் இறந்துபோனார்கள். அம்மா விடியற்காலையில் எழுந்து சாலையோரம் தன் கடையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் வறுத்த மீஹூன் சேமியாவும் விற்றாள். மத்தியானம் தூங்கினாள். மறுநாளும் எழுந்தாள்.

டிசம்பரில் ஒருநாள் அம்மா தொலைபேசியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு ஆளு வர்றாரு," என்றாள்.

"எந்த ஆளு?"

"சீனருதான். அறுபத்தஞ்சு இருக்கும். டயர் கடை வச்சிருக்காராம், நகமெல்லாம் கருப்பு. மூணு நாலு வாரமா வந்து சாப்புட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கு காசு குடுக்கும்போது, நான் பூன் ஹெங், உன் அண்ணன்னு சொன்னாரு."

அத்தீகா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "நீ என்னமா சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? நாளைக்கு வந்தா சம்பல் கொஞ்சம் கூடப் போடவான்னு கேட்டேன்."

"அவரு?"

"போடுன்னாரு."

அதன் பிறகு அவர் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். அதிகம் பேசவில்லை. கடையின் தார்ப்பாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் புதுசு கொண்டுவந்து, தானே ஏணி போட்டுக் கட்டிக்கொடுத்தார். அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. ஜனவரிக் கடைசியில் அவர் சீனப் புத்தாண்டுக்கு அழைத்தார்.

"ரெண்டாம் நாளு கட்டிக்குடுத்த பொண்ணுங்க எல்லாம் பொறந்த வீட்டுக்கு வர்ற நாளாம். நானும் வரணுமாம்," என்றாள் அம்மா. அந்தக் குரலில் சந்தோஷமா பயமா என்று அத்தீகாவால் பிரிக்க முடியவில்லை. "நீயும் வா. நீதான் சீனம் படிக்கிறியே."

"மா, என் பேரு அத்தீகா, எனக்கு ஆப்பிள் பிடிக்கும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"நீ பேச வேணாம், கேட்டா போதும். நம்மகிட்ட எல்லாரும் மலாய்ல நல்லாத்தான் பேசுவாங்க. அவங்களுக்குள்ள என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியணும். புரியுற மாதிரி மட்டும் காட்டிக்காதே."

ஐம்பது வருடத்தில் அம்மா ஒருவரிடம் கேட்ட முதல் உதவி இதுவாக இருக்குமோ என்று அத்தீகாவுக்குத் தோன்றியது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவா என்று சொல்லத் தயங்குகிறவள். தொலைபேசியை வைத்துவிட்டு அத்தீகா நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுலபம் என்று எடுத்த ஒன்றும் போயிற்று.

அதன் பிறகு உண்மையாகவே படித்தாள். பேருந்தில் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, ரொட்டிக் கடையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, அண்ணன், அக்கா, தங்கை, எப்போது, ஏன் என்று முணுமுணுத்தாள். சொற்கள் ஏறின. ஆனால் யாராவது இயல்பான வேகத்தில் பேசினால் அத்தனையும் கழுவிக்கொண்டு போயின. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் லூம் லாவ்ஷியை நிறுத்தி, நிபோங் தெபால் பக்கம் வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று கேட்டாள்.

"தியோச்சூ," என்றார் அவர் பைக்குள் குடுவையைத் திணித்துக்கொண்டே. "அது வேற சீன மொழிம்மா. எங்கப்பா பேசுவாரு, எனக்கே பாதிதான் புரியும். சின்னவங்க மாண்டரின் பேசுவாங்க. அதையும் நீ..." முடிக்காமல் நிறுத்தினார். அவளுடைய மதிப்பெண்கள் அவருக்குத் தெரியும். "மெதுவாப் பேசச் சொல்லு. தப்பில்ல." அடுத்த ஊருக்கு வண்டி ஓட்ட அவருக்கு நேரமாகிவிட்டிருந்தது.

புத்தாண்டின் இரண்டாம் நாள் அம்மா தன் பழைய குட்டிக் கஞ்சில் காரை அந்த வீட்டுக்கு முன் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பெருநாளுக்குத் தைத்த பச்சை பாஜு உடை, புது முக்காடு. மடியில் அவளே சுட்ட அன்னாசிப் பலகாரம். கீழே டயர் கடை, மேலே வீடு. கடைக் கதவு இறக்கியிருந்தது. சிவப்பு விளக்குகள் காற்றில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. பூன் ஹெங் வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தார்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அது அத்தீகாவுக்குக் கூச்சமாக இருந்தது. மேசை முழுக்க ஹலால் கடையில் வாங்கிய வறுத்த கோழி. இவர்களுக்கென்று வாங்கிய புதுத் தட்டுகளின் அடியில் விலைச்சீட்டுகள் அப்படியே ஒட்டியிருந்தன. அதைக் கவனித்த பூன் ஹெங்கின் மனைவி பதறிப்போய் நகத்தால் சுரண்டத் தொடங்கினார். அம்மாவும் போய்ப் பக்கத்தில் நின்று சுரண்டினாள். அப்போதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

மூத்த அக்கா சியூ கெங்குக்கு எழுபது வயது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. இடது கையால் ஊட்டாத குறையாகக் கோழியைத் தட்டில் போட்டார், வலது கை மணிக்கட்டிலேயே இருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இருவருக்கும் ஒரே முகம்; ஒருவர் முக்காடு போட்டிருந்தார், ஒருவர் தலைமுடிக்குச் சாயம் போட்டிருந்தார், அவ்வளவுதான். சுவரில் ஊதுபத்திக்கு மேலே மாட்டிய கிழவியின் படத்தில் அதே நெற்றி. பெற்ற தாய் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றார் பூன் ஹெங். அம்மா படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மலாயில் விசாரித்ததெல்லாம் நன்றாகவே இருந்தது. கடை எப்படிப் போகிறது, மகள் என்ன படிக்கிறாள், முழங்கால் வலிக்கு என்ன தடவுகிறாய். அதற்கு அடியில் தியோச்சூ வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தீகா கோழியைக் கடித்தபடி காதைத் தீட்டினாள். ஒரு சொல்கூட அகப்படவில்லை. இளையவர்களின் மாண்டரினில் எண்கள் வந்தன, சாப்பிடு வந்தது, சூடு வந்தது, நாளை என்பது வந்தது. பரீட்சை எழுதுகிறவளைப் போல் கழுத்து விறைத்து வலித்தது.

திடீரென்று சியூ கெங் தன் தொடையில் ஓங்கி அடித்து ஏதோ சொன்னார். ஒரே மூச்சில், நீளமாக. பூன் ஹெங் தரையைப் பார்த்தார். சியூ கெங்கின் கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் வாய் சிரிப்பது போலவும் இருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பூன் ஹெங்கின் மகள் ஹுவே ஷானிடம் அவளுடைய ஐந்து வயதுக் குழந்தை, என்ன, என்ன என்று அரித்தது. அவள் குனிந்து குழந்தையின் காதருகே மாண்டரினில் தணிந்த குரலில் சொன்னாள். குழந்தைக்குச் சொல்வது என்பதால் மெதுவாகச் சொன்னாள்.

அமா என்றாள். பாட்டி. பிறகு ஒரு 'தா', அவனோ அவளோ. பிறகு பு யாவ், வேண்டாம். பிறகு நாலைந்து சொற்கள் வழுக்கிப் போயின. கடைசியில் அழுகை.

அத்தீகா நிமிர்ந்தாள். அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தீகா அவசரமாகத் தட்டின் மேல் குனிந்தாள். யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

புறப்படும்போது பூன் ஹெங் இரண்டு கையாலும் ஆரஞ்சுகளைக் கொடுத்து, "அடுத்த வருஷம் சொல்லாம வரணும். சொல்லிட்டு வர்றவங்க விருந்தாளி," என்றார். அம்மா சரி என்று தலையாட்டினாள். சியூ கெங்கின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் மணிக்கட்டை விடுவிக்க வேண்டியிருந்தது.

ஊர் எல்லையைத் தாண்டி, வயல்கள் வந்த பிறகு அம்மா கேட்டாள். "என்ன பேசிக்கிட்டாங்க?"

"நல்லாத்தான் பேசினாங்க. சாப்புடு, சூடா இருக்கு, நாளைக்கு எங்க போறோம்..."

"அத்தீகா."

"மா, பெரியவங்க பேசினது தியோச்சூ. அது எனக்கு வராது."

"அக்கா தொடையில அடிச்சிச்சே. அப்ப அந்தப் பொண்ணு கொழந்தைகிட்ட ஒண்ணு சொன்னா. உன் மூஞ்சி மாறிச்சு."

பொய் சொல்லலாம். நீ பாட்டி மாதிரியே இருக்கிறாய் என்று சொன்னார்கள் எனலாம். அது பார்க்கிற எவருக்கும் தெரிகிற உண்மையும்கூட. அத்தீகா வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அம்மா கால்மேல் கால் போடாமல், பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"மூணு வார்த்தை புரிஞ்சுது. பாட்டி. வேணாம். அழுகை."

கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"யாரு வேணாம்னது?"

"தெரியல மா. பாட்டி உன்னை வேணாம்னாங்களா, இல்ல குடுக்க வேணாம்னாங்களா... நடுவுல இருந்தது போச்சு. அவனுக்கும் அவளுக்கும் அதுல ஒரே சொல்லு. தாத்தாவச் சொன்னாங்களா, பாட்டியச் சொன்னாங்களா, உன்னைச் சொன்னாங்களான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல."

"அழுதது?"

"அதுவும் தெரியல. நீயாக்கூட இருக்கலாம். கைக்கொழந்தைதானே."

அம்மா மூக்கால் லேசாகச் சிரித்தாள்.

"உன் அண்ணன்கிட்டயே கேளேன் மா. மலாய்லயே கேக்கலாமே. சொல்லிருவாரு."

"சொல்லிருவாருதான்," என்றாள் அம்மா. "எனக்குச் சொல்றதுக்குன்னு ஒண்ணு வச்சிருப்பாரு. என் மனசு நோகாத மாதிரி. நல்ல மனுசன். அது எனக்கு வேணாம். கொழந்தைக்குச் சொன்னாளே, அதுதான் எனக்கு வேணும்."

அத்தீகா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். தலை கனத்தது. நாளைக் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும், இரண்டு ஒப்படைப்புகள் பாக்கி.

"அந்தப் படிப்புல அடுத்த நிலை இருக்கா?"

"இருக்கு. ஆனா கட்டாயமில்ல மா. அதுல 'ஏ' வாங்குறதும் கஷ்டம், எழுத்தெல்லாம் கேப்பாங்க. எனக்குக் கடைசி வருஷம், பயிற்சி வேற..."

"ம்."

அந்த 'ம்'மில் வற்புறுத்தல் இல்லை. சம்பல் வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளருக்குச் சொல்கிற 'ம்' அது. அதுதான் தாங்கவில்லை.

"பாக்குறேன் மா," என்றாள் அத்தீகா.

"தூங்கு. வீடு வந்தா எழுப்புறேன்."

அவள் தூங்கவில்லை. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. சிங்க நடனக் குழுவின் லாரி. மேளத்தின் மேல் சாய்ந்தும், ஒருவர் தோளில் ஒருவர் விழுந்தும், ஆடி ஓய்ந்தவர்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்பலகையில் சிங்கத்தின் தலையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் அதன் பெரிய இமைகள் மூடித் திறந்தன, மூடித் திறந்தன. எதிரே வண்டி எதுவும் இல்லை. சாலை நேராகக் கிடந்தது. அம்மா முந்தவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்களைப் பார்த்தபடி, லாரி போகிற வேகத்திலேயே பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.