பெரியவளுக்கென்று வாங்கிய புத்தகங்கள்

“பன்னெண்டு வருஷமா வராதவளுக்கு மெத்தை. தெனம் வேலைக்குப் போயிட்டு வர்றவளுக்கு ஹால்ல தரை. நல்லா இருக்குப்பா உங்க ஞாயம்!”

“கத்தாத. நாலு பேர் காதுல விழும்.”

“விழட்டும். அந்த ரூமை நீங்க காலி பண்றீங்களா, இல்ல நான் இந்த வீட்டையே காலி பண்ணவா?”

எதிர்வீட்டம்மா அடுப்பை அணைத்தார். குக்கர் விசிலடித்து அடுத்த வரி தப்பிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? மேல்மாடியில் அதுவரை கொட்டிக்கொண்டிருந்த குழாயும் நின்றது. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, லிஃப்ட் இல்லாத கட்டடம். அதில் சத்தம் வந்த வீட்டில் குடியிருந்தவரோ ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டை முப்பது வருஷம் பழுது பார்த்த மனிதர். இந்த ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் சத்தம் எழுவது அபூர்வம். அதுவும் அவருடைய இரண்டு பெண்களில் சின்னவள் குரல் வாசல் தாண்டி வந்தது அன்றுதான்.

விஷயம் ஊரறிந்ததுதான். சின்னவளுக்கு முப்பத்து நான்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர் நெற்றிக்கு நேரே ஸ்கேலைப் பிடித்து, இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பவள். அந்தக் கடைக்கு லென்ஸ் தேய்த்துக் கொண்டுவந்து கொடுக்கிற லென்ஸ்காரர், ஒரே தடவையில் கொடுக்கக்கூடிய சரக்கை மூன்று தடவையாகப் பிரித்துக் கொண்டுவர ஆரம்பித்தபோதே கடையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நாற்பத்தோரு வயது, கெட்ட பழக்கம் என்று தேடினாலும் கிடைக்காது, ஆனால் கூட வேலை பார்க்கிற மூன்று ஆண்களோடு ஒரே வாடகை அறையில் வாசம். சின்னவளோ அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வரமாட்டாள். அவருக்கு அடிக்கடி தலை சுற்றல். ஒருமுறை ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கியது. ஆக, மாப்பிள்ளைதான் இந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும். “எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. கதவு சாத்துற மாதிரி ஒரு ரூம் இருந்தாப் போதும்” என்று அவர் சொன்னதாகக் கேள்வி.

கதவு சாத்துகிற மாதிரி அறைகள் அந்த வீட்டில் இரண்டு. ஒன்றில் லிஃப்ட்காரர். இன்னொன்றில் வாராவாரம் உறை மாற்றி விரித்த மெத்தையும், அதைச் சுற்றிலும் கூரை தொட அடுக்கிய புத்தகங்களும்.

என்ன புத்தகம்? சினிமாப் புத்தகம். அதிலும் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற படங்களின் புத்தகம் மட்டும். தியேட்டர் வாசலில் விற்ற சொரசொரத் தாள் பாட்டுப் புத்தகம், கதை வசனப் புத்தகம், படத்திலிருந்து போட்டோ எடுத்துப் போட்ட சித்திரக் கதை, படம் பிடித்த கதையைச் சொல்லும் கெட்டி அட்டைப் புத்தகம். தாத்தாவுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் ஒரு கழுதையை வளர்க்கிற பிள்ளைகள் படம், தபால்காரருக்கே கடுதாசி எழுதிப் போடுகிற மூன்று குழந்தைகள் படம், இப்படி. லிஃப்ட் பாகங்கள் சுற்றி வரும் மெழுகுத்தாளை மிச்சம் பிடித்து ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டிருந்தார். பராமரிப்புப் பதிவேடு ஒன்றும் உண்டு. தேதி, நிலை, பழுது, சரிசெய்த விதம். ‘பக்கம் பதினாலு மூலையில் கிழிசல். ஒட்டியாயிற்று. ஓட்டம் சீர்.’ புத்தகம் எங்கே ஓடுகிறது என்று கேட்காதீர்கள். கை எழுதிப் பழகியது அப்படி. முதல் பக்கத்தில் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘பெரியவளுக்கு, அப்பா.’

பெரியவள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். லிஃப்ட்காரர் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று, “இனி இந்த வாசப்படி ஏறாத” என்றார். மறுநாள் காலை அவள் புத்தகங்கள் என்று ஒரு மரப்பெட்டி நிறைய அள்ளி, பழைய பேப்பர்காரரின் தள்ளுவண்டியில் கவிழ்த்தார். சின்னவள் கையில் தண்ணீர் வாளியோடு படியில் நின்று அதைப் பார்த்தாள்.

கவிழ்ந்தவை சின்னவளுடைய புத்தகங்கள்.

லிஃப்ட்காரரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. பொண்டாட்டி செத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போவார். படம் விட்டதும், “அப்பா, புக்கு!” என்று பெரியவள் கத்துவாள். பெரியவள் கேட்டால் அவரால் இல்லை என்று சொல்ல வராது. சின்னவள் கேட்டால் “அடுத்த வாரம் பாக்கலாம்” என்பார். இது சின்னவளுக்கு ஏழு வயதிலேயே தெரிந்துவிட்டது. அதனால் கூட்டத்தில் அக்காவின் பின்னால் ஒட்டிக்கொண்டு அவள் இடுப்பில் கிள்ளுவாள். கத்தியது அக்கா வாய், கத்த வைத்தது தங்கை விரல். வாங்கின கையோடு புத்தகம் பின்னால் போய்விடும். அப்பா திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று படியில் நின்றவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? சாவு விழுந்த வீடு மாதிரி இருந்த வீட்டில், ‘அது என்னுடையது’ என்று எப்படிச் சொல்வது? சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயங்காலத்துக்குள் வண்டி எந்தத் தெருவில் திரும்பியதோ.

நான்கு மாதம் கழித்து லிஃப்ட்காரருக்கு மனசு கரைந்தது. நடைபாதைக் கடை ஒன்றில் அந்தக் கழுதைப் படப் புத்தகத்தைப் பார்த்தவர், அங்கேயே உட்கார்ந்து அழுதார் என்று கடைக்காரர் பிற்பாடு நாலு பேரிடம் சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்த வேட்டை. பெரியவள் திரும்பி வரும்போது எல்லாப் புத்தகமும் இருக்க வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது. பட்டியலைக் கையில் கொடுத்துக் கடை கடையாக அனுப்பியது யாரை என்கிறீர்கள்? சின்னவளைத்தான். தூசி தட்டியவள் அவள், ஒட்டுவதற்குப் பசை காய்ச்சியவள் அவள். தன் புத்தகங்களையே தேடிக் கொண்டுவந்து, அப்பா அதில் ‘பெரியவளுக்கு’ என்று எழுதும்போது மை ஊற்றிக் கொடுத்தவளும் அவளே. இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. லென்ஸ்காரரிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “உங்கப்பாகிட்ட இத ஒரு தடவ சொல்லிப் பாக்கலாமே” என்றார்.

“சொன்னா என்ன ஆகும்? அந்தப் பெட்டி திரும்பி வருமா?”

“ரூம் வரும்ல.”



சண்டை நடந்த மறுவாரம், லிஃப்ட்காரரின் தங்கை மூக்கை நுழைத்தாள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற இந்த அத்தை மூக்கை நுழைக்காத வீடே இல்லை என்றாலும், இந்தத் தடவை நல்ல எண்ணத்தில்தான். காதும் காதும் வைத்தமாதிரி பெரியவளுக்குப் போன் போட்டாள். அடுத்த ஞாயிறு, நட்டநடுப் பகலில், அத்தை முன்னால் வர, இரண்டு பிள்ளைகளோடு பெரியவள் படியேறி வந்தாள். கட்டடத்தில் அன்று யாரும் மத்தியானம் தூங்கவில்லை.

 லிஃப்ட்காரர் அவள் கையைப் பிடித்து நேரே அந்த அறைக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டார். பெரியவள் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“அய்யோ, இவளோட புக்க எல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா!”

“யாரோட?”

“இவளோட. சின்னவளோட. ஏம்ப்பா, எனக்கும் புக்குக்கும் என்ன சம்பந்தம்? நான் இன்டர்வல் வரைக்கும் முழிச்சிருந்ததே பெருசு.”

“நீதானம்மா கேப்ப. வாசல்ல நின்னு ‘புக்கு, புக்கு’ன்னு நீதானே கத்துவ.”

“இவ கிள்ளுவாப்பா! கேக்கலேன்னா சதை பிஞ்சிரும். இங்க பாரு அத்தை, இடுப்புல, இன்னும் தடம் இருக்கும்.”

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தன. சின்னவள் வாசற்படியில் காபித் தட்டோடு நின்றாள். லிஃப்ட்காரர் தட்டைப் பார்த்தார், பிறகு அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். மெல்ல மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த மெத்தையில் ஓர் ஆள் உட்கார்ந்தது அப்போதுதான்.

போகும்போது பெரியவள் தெளிவாகவே சொன்னாள். “ரூமை அவளுக்குக் குடுத்துருங்கப்பா. காலாகாலத்துல கல்யாணம் நடக்கட்டும். நான் வந்தா ஹால்ல ஒரு பாய் போதும்.” லிஃப்ட்காரர் தலையாட்டினார். எதிர்வீட்டம்மா அன்றைக்கே, எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு கேள்வி.

மறுநாள் சின்னவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, லிஃப்ட்காரர் பின்னால் வந்து நின்றார்.

“அதுல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?”

அவள் நிமிரவில்லை. ‘ஒண்ணும் பிடிக்காதுப்பா, எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க’ என்று சொல்லியிருந்தால் அடுத்த மாதம் கல்யாணம். உண்மையும் அதுதான், அந்தப் புத்தகங்கள் மேல் அவளுக்கு இருந்த ஆசை செத்து எத்தனையோ காலமாயிற்று. ஆனால் முப்பத்து நான்கு வருஷத்தில் ‘உனக்கு எது பிடிக்கும்’ என்று அந்த வாய் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வீட்டுச் சாவியத் தொலச்சிட்டு லீவு முழுக்க மொட்டை மாடியிலயே குடியிருப்பாங்களே, அந்தப் படம்” என்றாள்.

“அது நம்மகிட்ட இல்லையே.”

“இல்லப்பா. அந்தப் பெட்டியில இருந்துச்சு.”

அன்று அவள் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதம். அப்பாவும் மகளும் வாசலிலேயே நின்று, அந்தப் படத்தில் மாடியில் துணிக் கொடியில் மீன் காயப்போட்ட அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சிரிக்கிற சத்தம் மேல்மாடி வரை கேட்டது.

அதற்குப் பிறகு லிஃப்ட்காரரைப் பிடிக்க முடியவில்லை. தாங்குசட்டம் அடித்துச் சுவர் முழுக்கப் பலகை ஏற்றினார். ‘பெரியவளுக்கு’ என்ற இடத்தில், லிஃப்ட் சோதித்தபின் ஒட்டுகிற சீட்டுகளை ஒட்டி, அதன்மேல் ‘சின்னவளுக்கு’ என்று எழுதினார். தினமும் சாயங்காலம் ஒரு புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். “இதுல உனக்கு எந்த எடம் பிடிக்கும்? இந்தப் பொண்ணு அழுவாளே, நீ அழுதியா? நான் பக்கத்துலதானே இருந்தேன், எனக்கு ஏன் தெரியல?” அவளும் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து பதில் சொல்வாள். லென்ஸ்காரரோடு பேருந்து நிறுத்தம் வரை நடக்கிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

லென்ஸ்காரர் கட்டிலுக்கு அளவெடுக்க ஒரு தடவை வந்தார். டேப்பை நீட்ட இடமில்லை. லிஃப்ட்காரர் ஏணிமேல் நின்றபடி, “வாங்க தம்பி, அந்த ஆணிய எடுங்க” என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்றாள் சின்னவள். அப்புறம், அந்த மொட்டை மாடிப் புத்தகம் கிடைக்கட்டும் என்றாள். அது கிடைத்தும்விட்டது. பின் அட்டை இல்லை என்று வேறு பிரதி தேடத் தொடங்கினார் அப்பா.

எட்டு மாதம் கழித்து ஒரு பகல், கடையில் ஆள் இல்லாத நேரம், லென்ஸ்காரர் லென்ஸ் உறைகளை மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

“பட்டறைய வேற ஊருக்கு மாத்துறாங்க. நானும் போறேன்.”

“அப்பாகிட்ட இன்னைக்கே கேட்டுர்றேன்.”

“இவ்வளவு நாளும் உங்கப்பாதான் ரூமைக் குடுக்க மாட்டேங்கிறாருன்னு நெனச்சிட்டிருந்தேன்.” குரலில் கோபமே இல்லை. “நீங்க கேக்கலங்க. கேட்டா, அவர் உங்ககிட்ட ‘எது பிடிக்கும்’னு கேக்குறத நிறுத்திருவாருன்னு பயம். இல்லையா?”

சின்னவள் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு கலைத்து மறுபடி அடுக்கினாள்.

“என்னைத் திட்டுங்களேன்” என்றாள்.

“எதுக்குத் திட்டணும்? எங்கப்பா கேட்டிருந்தா நானும் சொல்லிட்டுத்தான் இருந்திருப்பேன்.” உறைகளில் ஒன்றைத் திருப்பி வைத்தார். “இதுல வலது கண்ணுக்குப் பவர் அதிகம். மாத்தி மாட்டிராதீங்க.”

அந்த வாரக் கடைசியில் அவர் போய்விட்டார். அடுத்த வருஷம், போன ஊரிலேயே ஒரு மருந்துக்கடைப் பெண்ணைக் கட்டினார். சின்னவளுக்குப் பத்திரிகை வந்தது, போய் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டாள். பெரியவள் புருஷனுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்து நான்கு பேரும் போய்விட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு போன். எதிர்வீட்டம்மா கால்வலி தாங்காமல், தரைத்தளத்தில் வீடு பார்த்துக்கொண்டு மகனோடு போனார். அந்த வீட்டுக்கு இப்போது புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடிவந்திருக்கிறது. லிஃப்ட்காரரும் சின்னவளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள்.