ஆறாவது கிளிப்

குடைக்காரிக்கு உயரம் என்றாலே ஆகாது. பரணில் இருக்கும் பெட்டியை எடுக்க நாற்காலியில் ஏறினால்கூட, கீழே ஒரு ஆள் நின்று முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் பார்க்கிற வேலையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். விமானத்திலிருந்து குதிக்கிறவர்களுக்குப் பாராசூட் மடித்துக் கட்டுவது அவள் வேலை. தெருவுக்குப் புதிதாக வந்த ஒருவர் 'குடைக்காரி' என்ற பேரைக் கேட்டுவிட்டு, கம்பி உடைந்த மழைக்குடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் சரிசெய்து கொடுத்துத்தான் அனுப்பினாள்.

குதிக்கிறவர் முதுகில் இருக்கிற பையில் குடை ஒன்றல்ல, இரண்டு. பெரிய குடையை ஒவ்வொரு முறையும் அவரவரே மடித்துக்கொள்வார்கள். அது திறக்காமல் கழுத்தறுத்தால் இழுப்பதற்கென்று சின்னக் குடை ஒன்று உண்டு. அதை மட்டும் உரிமம் வாங்கியவர்தான் தொடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்து, நீள மேசையில் விரித்து, தையல் தையலாகத் தடவிப் பார்த்து மடிப்பாள் குடைக்காரி. துணி வழுக்கிக்கொண்டு ஓடும். அதனால் அங்கங்கே சிவப்புக் கிளிப் போட்டுக்கொள்வாள். மடிப்பு நகர நகரக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகர டப்பாவில் போடுவாள். கடைசியில் எண்ணிப் பார்ப்பாள். ஆறு இருந்தால்தான் பையை மூடுவாள். பையைப் பூட்டும் ஊசியின்மேல் சிவப்பு நூல் கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்து, பையோடு இருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவாள். அந்த நூல் அறுந்திருந்தால், எந்த ஊரிலும் அந்தப் பையோடு யாரையும் குதிக்க விடமாட்டார்கள்.

அவளுடைய நாத்தனாருக்குக் குருவி என்று பேர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். விடுமுறை வந்தால் தலைக்கவசத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, குதிக்கிறவர்களோடு தானும் குதித்து அவர்களைப் படம் எடுப்பாள். அறுநூற்றுப் பன்னிரண்டு முறை குதித்தாயிற்று. சின்னக் குடையை ஒருமுறைகூட இழுத்ததில்லை.

"அண்ணி கட்டின பை. கண்ண மூடிக்கிட்டுக் குதிக்கலாம்" என்பாள். "ஆனா கண்ண மூடிட்டா படத்த யாரு எடுக்கிறது?"

இப்போது அவளுக்கு ஒரு பெரிய அழைப்பு வந்திருந்தது. கடல் தாண்டி ஒரு மைதானத்தில் நாற்பது பேர் ஒன்றாகக் குதித்து, வானத்தில் கைகோத்துப் பூ மாதிரி விரியப் போகிறார்கள். அதைப் படம் எடுக்க ஒரே ஒரு ஆள். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம் அது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் குருவி பையோடு அண்ணியின் பட்டறைக்கு வந்து மேசையின் ஒரு முனையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். குடைக்காரி மடிக்க மடிக்க இவள் வாய் ஓயவில்லை. தலைக்கவசத்தின் தாடைவார் தளர்ந்துவிட்டது, அதையும் ஒரு கை பாருங்கள் அண்ணி என்று நச்சரித்தாள்.

"கேமரா பேட்டரியெல்லாம் எங்கடி வச்ச?"

"பெரிய பெட்டியில."

"எடுத்துக் கைப்பையில போடு. பாராசூட்டும் உன் கையோடவே போகணும். பெட்டியோட போட்டு, அது வேற ஊருக்குப் போய்ச் சேந்துச்சுன்னா, அங்க போயி போர்வையக் கட்டிக்கிட்டா குதிப்ப?"

அந்த நேரம் பார்த்துக் குடைக்காரியின் கணவர் உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்த வருடம் ஆள் பற்றாக்குறையால் அறிவியலும் அவர் தலையில் விழுந்திருந்தது. கையில் ஒரு கட்டு விடைத்தாள்.

"இதக் கேளுங்க ரெண்டு பேரும். மாடியிலேருந்து ஒரு கல்லப் போட்டா எப்ப தரைக்கு வரும்னு கேட்டிருக்கேன். ஒரு பையன் எழுதியிருக்கான், 'கீழே யாரும் பிடிக்காவிட்டால் சீக்கிரமே வரும்'னு."

குருவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அவனுக்கு முழு மார்க் போடுண்ணா! அவனுக்காவது விஷயம் புரிஞ்சிருக்கு."

குடைக்காரியும் சிரித்துக்கொண்டே, பார்வையைத் தலைக்கவசத்தின் வாரில் வைத்து, விரலால் டப்பாவில் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பையை மூடினாள். முத்திரை வைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குருவி விமான நிலையத்துக்குக் கிளம்பிப் போனாள். ஒன்பதரை மணிக்கு வாத்தியார் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"என் கிளிப்பப் பாத்தியா?"

"எந்தக் கிளிப்பு?"

"விடைத்தாளப் பிடிச்சிருந்துச்சே, சிவப்பு. உனக்கு வாங்கின கடையிலதான் எனக்கும் வாங்கினேன். நேத்து இங்கதான் கட்டப் பிரிச்சேன். இப்ப தாளெல்லாம் ஃபேன் காத்துல பறக்குது. ஃபெயிலாக வேண்டியவன் ரெண்டு பேரு ஜன்னல் வழியாத் தப்பிச்சிட்டானுங்க."

சிரிக்க ஆரம்பித்த குடைக்காரி பாதியில் நிறுத்தினாள். டப்பாவைத் திறந்தாள். ஆறு கிளிப். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். தன்னுடைய கிளிப் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் கறுப்பு நூல் சுற்றி வைத்திருப்பாள். நூல் சுற்றியது ஐந்து இருந்தது. ஆறாவது மொட்டையாக இருந்தது. அதன் கைப்பிடிக் கம்பியில் விடைத்தாள் திருத்தும் சிவப்பு மை ஒட்டியிருந்தது.

"பேச்சுவாக்குல உன் டப்பாவுலயே போட்டுட்டேன் போல" என்றார் வாத்தியார்.

மேசைக்கு அடியில், தையல் மெஷினின் மிதிப்பலகைக்குப் பின்னால், குப்பைக்கூடையில், துணிச்சுருளுக்குள் என்று தேடினார்கள். வாத்தியார் மண்டியிட்டுத் தரையைக் கையால் துழாவினார். கிளிப்பைக் காணோம்.

"எண்ணினியேம்மா?"

"எண்ணினேன். ஆறு இருந்துச்சு. உங்களோடதையும் சேத்து ஆறு."

முப்பது வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார். ஐந்துதான் வந்தது.

குடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளிப் குடைக்குள்ளே இருக்கலாம், குருவி கை மறதியாக எடுத்துக்கொண்டும் போயிருக்கலாம். உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மடிப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டால் துணி கோணலாக விரியும், கிழியும், அல்லது விரியாமலே போகும். சொல்லிவிட்டால் நூலை அறுத்துத் திரும்ப மடித்தாக வேண்டும். அங்கே அதற்கு நேரமில்லையென்றால், இரண்டு வருடம் காத்திருந்த இடம் கையைவிட்டுப் போகும்.

"அறுநூறு தடவையில ஒரு தடவைகூட அவ அந்தச் சின்னக் குடையத் தொட்டதில்லையே" என்றார் வாத்தியார், மெதுவாக. தங்கைமேல் உயிரையே வைத்திருக்கிறவர். தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னார்.

"அறுநூத்திப் பதிமூணாவது தடவை தொட வேண்டி வந்தா?"

 வாத்தியார் போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

மூன்று முறை மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை குருவியே கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி? போனையும் செருப்பையும் கழட்டித் தட்டுல வைக்கச் சொல்லிட்டாங்க. இப்பத்தான் கைக்கு வருது."

குடைக்காரி சுற்றி வளைக்காமல் சொன்னாள். "என்னோட கிளிப்பு ஒண்ணக் காணோம். உன் கேமராப் பையில இருக்கா பாரு."

ஜிப் திறக்கும் சத்தம், சாமான்கள் உருளும் சத்தம். "இல்ல அண்ணி."

"அப்ப அது உன் சின்னக் குடைக்குள்ள இருக்கலாம்."

 குருவிக்கு ஒரு யோசனை தோன்றியது. "இருங்க, பை இப்பத்தான எக்ஸ்ரே மெஷினுக்குள்ள போயிட்டு வந்துச்சு! கேட்டுப் பாக்கறேன்."

அங்கே திரைக்கு முன்னால் இருந்த அதிகாரி பேசுவது போனில் தெளிவாகக் கேட்டது. பொறுமைசாலி. "ஸ்பிரிங் தெரியுது. வளையம் தெரியுது. ஊசி, கம்பி, குடையத் தானாத் திறக்கற மின்கருவின்னு அட்டையில போட்டிருக்கே, அது, எல்லாம் தெரியுது. இதுல எது இருக்கணும், எது இருக்கக்கூடாதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கேட்டீங்களா அண்ணி?" என்றாள் குருவி. "சரி, நான் அங்க போயிப் பாத்துக்கறேன்."

"நீ பாக்க மாட்ட."

"ஏன் பாக்க மாட்டேன்?"

"அங்க நாப்பது பேரு உனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்க. முத்திரை முழுசா இருக்கும், அட்டையில என் கையெழுத்து இருக்கும். இந்த ஒரு தடவைதானேன்னு ஏறிடுவ."

குருவி பெருமூச்சு விட்டாள். "அப்படித்தான் நெனச்சேன் அண்ணி. இப்ப, இந்த நிமிஷம், அதத்தான் நெனச்சிட்டு இருந்தேன்."

"நூல அறு. நான் கேக்கணும்."

"நூல் அறுந்தா சத்தம் வருமா என்ன?"

"உன் மூச்சு மாறும். அது எனக்குக் கேக்கும். அறுடி கண்ணு."

கேட்டது. 

"ரெண்டு வருஷம் அண்ணி" என்றாள் குருவி. குரலில் கோபமில்லை, அதுதான் குடைக்காரிக்குத் தாங்கவில்லை.

"தெரியும்டி. நீ போய் விமானத்துல ஏறு. மீதிய நான் பேசறேன்."

அந்த மைதானத்திலும் பை மடிக்கிறவர் ஒருவர் இருந்தார். குடைக்காரி அவர் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறாள், பேசியதில்லை. முகம் தெரியாத ஒருவரிடம், அதுவும் தன் தொழிலையே செய்கிறவரிடம், 'நான் கையெழுத்துப் போட்ட பைக்குள் என் கிளிப் இருக்கலாம்' என்று சொல்ல வேண்டும். எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும்போதே இரண்டு முறை வைத்துவிடலாமா என்று பார்த்தாள். வைக்கவில்லை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

எதிர்முனையில் அவர், "கிளிப்புல ஏதாவது அடையாளம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"கறுப்பு நூல் சுத்தியிருக்கும்."

"எனக்கு முன்னாடி நாலு பை இருக்கு. அவ வந்து எறங்கினதும் அவளோடத முதல்ல எடுக்கறேன். இந்த மாதிரி போன் வந்தா நாங்க வரிசை பாக்கறதில்ல."

மறுநாள் சாயங்காலம் போன் திரையில் வேறு ஒரு நீள மேசை தெரிந்தது. பழைய மேசை, விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. குருவிதான் கேமராவைப் பிடித்திருந்தாள். மைதானத்தில் பை மடிக்கிறவரின் கைகள் மட்டும் தெரிந்தன. அவசரமில்லாத கைகள். பையைத் திறந்தார், குடையை வெளியே தள்ளிவிடும் ஸ்பிரிங் துள்ளி வந்தது. துணியை வெளியே எடுத்து ஒவ்வொரு மடிப்பாக விலக்கினார். ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. குடைக்காரி தன் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற வாத்தியார் விலக்கிய மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

குடையின் பின்விளிம்பில், வால்பக்க மடிப்பை விலக்கியபோது அவர் கை நின்றது. இரண்டு மடிப்புகளை ஒன்றாகக் கவ்விக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது கிளிப். கறுப்பு நூல் சுற்றிய கிளிப்.

குருவி போனை அதன் அருகே கொண்டுபோனாள். 

குடைக்காரி கேட்டாள்: "திறந்திருக்குமாங்க?"

"திறந்திருக்கலாம். திறக்காமயும் போயிருக்கலாம்" என்றார் அவர். அவளுக்காக அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகு அட்டையை எடுத்தார். "இதுல என்னன்னு எழுதட்டும்? மறுபடி மடிச்சதுன்னு மட்டும் போட்டாலும் போதும்."

"நடந்தத எழுதுங்க. உள்ள கிளிப்பு இருந்துச்சுன்னு எழுதுங்க. மேல் வரியில என் கையெழுத்து இருக்கு. யாரோட வேலைன்னு பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

அப்போதுதான் குருவி வாயைத் திறந்தாள். "ஏன் அண்ணி, உங்க கத்திரிக்கோல எடுத்துட்டுப் போனா நாலு நாள் திட்டுவீங்களே. கிளிப்ப மட்டும் நீங்களே மூட்டை கட்டி அனுப்பியிருக்கீங்க!"

குடைக்காரி சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாத்தியார் மூக்கைச் சிந்தப் போவதுபோல் வெளியே போனார்.

அதற்கு மறுநாள் மத்தியானம் ஒரு படம் வந்தது. நீல வெளியில் நாற்பது பேர், விரல்கள் கோத்து, வட்டத்துக்குள் வட்டமாக. கீழே, வெகு கீழே, தீப்பெட்டி அடுக்கியதுபோல் நிலம். பார்க்கும்போதே குடைக்காரிக்குத் தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். படத்தில் குருவி இல்லை. எடுத்தவள் படத்தில் எப்படி இருப்பாள்? படம் வந்து சேர்ந்திருக்கிறதே, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் குருவி நேராகப் பட்டறைக்கு வந்து, பையை மேசைமேல் வைத்தாள். "திரும்ப நீங்களே கட்டிக் குடுங்க அண்ணி."

"எதுக்கு? அவர் நல்லா கட்டியிருக்காரு. ஆறு மாசம் இருக்கு. அப்ப கொண்டுவா."

குருவி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டிவிட்டு, கிளிப்பை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த ஆறு மாதமும் குடைக்காரி மற்றவர்களுடைய பைகளைக் கட்டினாள். கட்டும்போதெல்லாம் சுவரில் மாட்டிய நாள்காட்டியை ஒரு பார்வை பார்ப்பாள். வருவாளா, வேறு ஆளிடம் போவாளா என்று வாத்தியாரிடம்கூட அவள் கேட்கவில்லை.

கெடு முடிகிற அன்றைக்கு, கடையிலிருந்து வந்த கையோடு, கையில் லென்ஸ் தூள் ஒட்டியிருக்க, குருவி வந்தாள். மேசை முனையில் ஏறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். டப்பா இப்போது இல்லை. பலகையில் ஆறு கிளிப்புக்கும் ஆறு இடம் வரைந்து வைத்திருந்தாள் குடைக்காரி. கழற்றக் கழற்ற, நூலைப் பார்த்து அதனதன் இடத்தில் வைத்தாள். கடைசியில் வாய்விட்டு எண்ணினாள்.

"...அஞ்சு. ஆறு."

நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்த வாத்தியார், இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். வலது கையில் விடைத்தாள் கட்டு. அதன்மேல் மொட்டைக் கிளிப்.

"என்னோடது இங்க இருக்கும்மா" என்றார். "இப்ப உள்ள வரலாமா?"

"மூடி முத்திரை வைக்கற வரைக்கும் அங்கயே நில்லுங்க" என்றாள் குடைக்காரி, சிவப்பு நூலை நாக்கில் நனைத்துக்கொண்டே.